பூதத்தை எடுத்தார், பசியை விடுத்தார்

பிரஞ்சு நாட்டுப்புறக் கதைகளும் இக்கால ஆட்ட உலகங்களும்

இலக்கியம் என்றால் செய்யுளும் நாடகமும் நாவலும் மட்டுமே என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. ஒரு மேஜையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, பகடை உருட்டி, ஒருவர் கதை கூற, மற்றவர் அக்கதைக்குள் வீரராகவும் கள்வராகவும் மந்திரவாதியாகவும் புகுந்து நடக்கும் ஆட்டமொன்று 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சேறியது. அதன் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்னும் இருவர் அதனை இயற்றினர். அதன் வழியாகவும், அதன் பின்வந்த கணினி ஆட்டங்களின் வழியாகவும், உலகம் படைத்தல் என்றொரு தனிக் கலையே தோன்றிவிட்டது. நாடு, மலை, ஆறு, அரசன், சமயம், பேய், பூதம் ஆகிய யாவற்றையும் முன்கூட்டியே வகுத்து நூலாக்கி வைப்பது அக்கலை. நம் இளைஞர் பலரும் இவ்வாட்டங்களை ஆடுகின்றனர். ஆடுவோர் பலராக இருக்க, ஆராய்வோர் நம்மிற் சிலரேயாவர். ஆகவே இவ்வாரம் நாம் இத்துறையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றோம். பிரஞ்சு தேசத்து நாட்டுப்புறக் கதைகளையும் வாழ்க்கை முறையையும் கொண்டு மாய உலகம் படைக்க முற்படுவோர் எதனை எடுக்கின்றனர், எதனை விடுகின்றனர், எதனை எடுத்தல் வேண்டும் என்பதே நம் ஆராய்ச்சி.

“பகுத்தறிவு பேசும் ஏட்டிற்குப் பேய்க்கதை ஆராய்ச்சி எற்றுக்கு?” என்று சில அன்பர்கள் வினவக்கூடும். பேயை நம்புவது வேறு. பேயைப் பற்றி மக்கள் ஏன் பேசினர் என்று ஆராய்வது வேறு. முன்னது அறியாமை, பின்னது அறிவு. கதையைக் கதையென்று அறிந்து கேட்பவனுக்கு அதனால் கேடொன்றுமில்லை. கதையைச் சட்டமாக்கி, அச்சட்டத்தைக் கொண்டு ஏழைகளைச் சுட்டெரித்தவரே கேடு விளைத்தவராவர். இவ்வேறுபாடு நமக்குப் பின்னர்ப் பெரிதும் பயன்படும். வாசகர் இதனை மனத்தில் இருத்திக்கொள்க.

தராஸ்கோன் பூதம்

தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில், ஆர்ல் நகருக்கும் அவிஞோன் நகருக்கும் இடையே, தராஸ்கோன் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரார் வழங்கும் கதை வருமாறு: ஆற்றில் வாழ்ந்த தராஸ்க் என்னும் கொடிய பூதம் மனிதரையும் கால்நடைகளையும் தின்றும் படகுகளைக் கவிழ்த்தும் வந்தது. மார்த்தா என்னும் மங்கை படைக்கலம் ஏதுமின்றி அதன் முன் சென்று, புனித நீரைத் தெளித்து, சிலுவையைக் காட்டி, தன் இடைக்கச்சையால் அதனைக் கட்டினாள். பூதம் ஆட்டுக்குட்டியைப் போல் அடங்கி நின்றது. அடங்கி நின்ற அதனை ஊரார் ஈட்டியாலும் கல்லாலும் கொன்றனர். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வொராகினே தொகுத்த புனிதர் சரிதையில் இக்கதை இடம்பெற்றது. அவ்வூரில் அப்பூதத்தின் உருவத்தைச் செய்து தெருவில் இழுத்துச் செல்லும் விழாவும் வழக்கமாயிற்று. பெல்ஜியம், பிரான்சு ஆகிய இரு நாடுகளின் இத்தகைய ஊர்வல உருவங்களை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தபோது, தராஸ்கோனும் அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

இக்கதையின் உயிர் எங்கே இருக்கின்றது? புனித நீரில் இல்லை என்பது நம் துணிபு. வலிமையால் அடக்க முடியாததை வலிமையில்லாத ஒருத்தி அடக்கினாள் என்பதில் ஒரு பாதி இருக்கின்றது. அடங்கியதைக் கொன்றவர் யார், அச்சத்தினால் கொன்றனரா, பழிவாங்கக் கொன்றனரா என்னும் கேள்வியில் மறுபாதி இருக்கின்றது. கேட்பவன் மகிழ்ச்சியோடு எழுந்து போகாமல், சற்றே தலைகுனிந்து எழுந்து போகவேண்டிய கதை இது.

இனி, 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் இரண்டாம் பூதநூலைப் பார்ப்போம். தராஸ்க் அங்கே வந்திருக்கின்றது. எழுத்தொன்று மிகுந்திருக்கின்றது, பருமனும் பன்மடங்கு மிகுந்திருக்கின்றது. வாளுக்கும் மந்திரத்திற்கும் எளிதில் அசையாதது. உயிர்நிலையெல்லாம் குறைத்து வீழ்த்திய பின்னும், வரமொன்று வேண்டினாலன்றிச் சாகாதது என்று விதிகள் கூறுகின்றன. ஆனால் மார்த்தாவை அந்நூலிற் காணோம். ஊரைக் காணோம். ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்டவரையும் காணோம். வலிமைக்கு அடங்காது என்று பிறந்த கதையை, வலிமையின் உச்சியைக் காட்டும் அளவுகோலாக மாற்றிவிட்டனர். இதனால் பூதம் பெரிதாயிற்று, கதை சிறிதாயிற்று. பெயரைக் கடன் வாங்கிப் பொருளைத் திருப்பியனுப்பிய இச்செயலே, பிரஞ்சு கதைகளைக் கொண்டு உலகம் படைப்போர் பலரிடமும் காணும் முதற் குற்றமாகும்.

வீரரும் உழவரும்

இரண்டாம் குற்றம் யாரைக் கதைக்கு நடுவில் நிறுத்துகின்றனர் என்பதைப் பற்றியது. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தார் தம் ‘வார்ஹாமர்’ போர் ஆட்டத்தில் பிரெட்டோனியா என்றொரு நாட்டை அமைத்தனர். 12ஆம் நூற்றாண்டில் கிரெத்தியேன் தெ த்ருவா என்னும் பிரஞ்சுப் புலவர் பாடிய லான்ஸ்லாட்டும் புனிதக் கிண்ணத் தேட்டமும் அங்கே புதுக்கோலம் பூண்டு வருகின்றன. ஏரித் தேவியை வணங்கும் குதிரை வீரர் வண்ணக் கொடிகளோடு அணிவகுக்கின்றனர். கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய உழவர் எப்படி வருகின்றனர்? அழுக்கும் கோணலுடம்பும் அறியாமையும் உடையவராய், சிரிப்பதற்கென்றே வைக்கப்பட்டவராய் வருகின்றனர். “ஆசிரியர் நையாண்டி செய்வது பிரபுக்களையேயன்றி உழவரையன்று” என்று ஆதரிப்பார் உளர். அதில் ஒரு பாதி உண்மையுண்டு. பிரபுக்களின் போலிப் பெருமை அங்கே வெளிப்படத்தான் செய்கின்றது. ஆயினும் பிரபுவைப் பார்த்து நகைக்கும்போதும் நாம் பிரபுவோடு குதிரைமேல் இருந்துகொண்டே நகைக்கின்றோம். உழவனைப் பார்த்து நகைக்கும்போது அவனை மேலிருந்து நோக்குகின்றோம். இரண்டு நகையும் ஒன்றாகா.

இதில் ஒரு விந்தை உண்டு. இக்கதைகளைப் பலநூறாண்டு காத்துத் தந்தவர் உழவரே. குளிர்கால இரவுகளில் விளக்கும் விறகும் மிச்சப்படுத்துவதற்காக ஒரே வீட்டில் பலர் கூடி, நூல் நூற்றுக்கொண்டும் கருவிகளைச் செப்பனிட்டுக்கொண்டும் அவர்கள் கதை கூறினர். அக்கூட்டத்திற்கு வெய்யே என்று பெயர். அங்கே பிறந்த கதை, தன்னைப் பெற்றவரையே கேலிப்பொருளாக்கும் இடத்திற் போய்ச் சேர்ந்திருக்கின்றது.

பசி என்னும் பூதம்

1697ஆம் ஆண்டில் ஷார்ல் பெரோ என்பார் ‘பழங்காலக் கதைகள்’ என்னும் பொருள்படும் பெயரால் எட்டு உரைநடைக் கதைகளை வெளியிட்டார். செந்தலைக்குல்லாச் சிறுமி, உறங்கும் அழகி, நீலத்தாடியன், பூட்சுப் பூனை, சிண்டெரெல்லா முதலியன அவற்றுள் அடங்கும். அவர் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேரிடம் பணியாற்றியவர்; பிரஞ்சு இலக்கியக் கழகத்தின் உறுப்பினர். அதே ஆண்டில் தோல்னுவா அம்மையார் தம் தேவதைக் கதைகளை வெளியிட்டார். இவ்விருவரும் அரண்மனை மண்டபத்தில் அமர்ந்திருந்தோர்க்காக எழுதினர். இன்றைய ஆட்ட உலகங்களில் காணும் பளிங்கு மாளிகையும் பட்டாடைத் தேவதையும் பெரும்பாலும் அந்த மண்டபத்தின் வழியாக வந்தவை.

ஆனால் அந்நூல்கள் வெளிவருவதற்கு 3 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் என்ன நடந்தது? 1693, 1694ஆம் ஆண்டுகளில் விளைச்சல் பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது. அப்பஞ்சத்திலும் அதனோடு வந்த நோயிலும் சுமார் 13 லட்சம் பேர் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். பெரோவின் கட்டைவிரற் சிறுவன் கதையைத் திறந்து பாருங்கள். ஒரு விறகுவெட்டிக்கும் அவன் மனைவிக்கும் ஏழு பிள்ளைகள். பஞ்சம் வருகின்றது. பிள்ளைகள் தம் கண்முன் பசியால் சாவதைக் காணமாட்டாமல், அவர்களைக் காட்டில் விட்டுவிட்டு வருகின்றனர். வீடு திரும்பியவுடன், ஊர்ப் பிரபு நெடுநாளாகக் கொடுக்காமல் வைத்திருந்த பத்து எக்கியூக் காசு வந்துசேருகின்றது! அந்தக் காசு ஒரு நாள் முன்னே வந்திருந்தால் பிள்ளைகள் காட்டுக்குப் போயிரார். மனிதரைத் தின்னும் அரக்கன் வீட்டுக் கதவையும் தட்டியிரார். அரண்மனைப் புலவர் கையிற் புகுந்தும் இவ்வுண்மை மறையவில்லை. அக்கதையில் இரண்டு அரக்கர் இருக்கின்றனர். ஒருவன் காட்டில் இருக்கின்றான், மற்றவன் கூலியைக் கொடுக்காமல் வைத்திருக்கின்றான்.

ஆட்ட உலகம் படைப்போர் காட்டு அரக்கனைத் தவறாமல் எடுக்கின்றனர். அவனுக்கு உயரம், பலம், ஆயுதம் எல்லாம் கணக்கிட்டு வைக்கின்றனர். ஆனால் அந்தப் பத்துக் காசை எவரும் எடுப்பதில்லை. பசியை விலக்கிய பின் அக்கதையில் பிள்ளைகள் ஏன் காட்டில் அலைகின்றனர் என்பதற்கே காரணம் இல்லாமற்போகின்றது.

“உழைத்துக் களைத்தவன் சற்று மகிழ்வதற்காக ஆட வருகின்றான், அங்கேயும் அவனுக்குப் பஞ்சத்தையா காட்டுவது?” என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புத்தான். ஆனால் வெய்யேயில் கூடியிருந்தவரும் உழைத்துக் களைத்தவரே. அவர்கள் தம் கதையிலிருந்து பசியை நீக்கவில்லை. பசியை முன்னே வைத்து, விருந்தைப் பின்னே வைத்தனர். பசியில்லாத கதையில் விருந்துக்குச் சுவையில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துன்பத்தைக் காட்டு என்று நாம் கேட்கவில்லை. துன்பத்தை ஒளித்துவிட்டு வெற்றியை மட்டும் விற்காதே என்கின்றோம்.

மற்றொரு சான்றும் உண்டு. பெரோ எழுதிய செந்தலைக்குல்லாக் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகின்றது. அத்தோடு கதை முடிந்து, இளம்பெண்களுக்கு ஒரு நீதிப்பாட்டு வருகின்றது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியேவ்ர் பகுதியில் உழவரிடம் கேட்டெழுதிய வடிவத்தில் சிறுமிக்குச் செந்தலைக்குல்லாவே இல்லை. அவள் புறக்கடைக்குப் போகவேண்டுமென்று ஓநாயிடம் சாக்குச் சொல்லி, அது தன் காலில் கட்டிய கயிற்றை ஒரு மரத்திற் கட்டிவிட்டு ஓடித் தப்பிக்கின்றாள். மண்டபத்துக் கதையில் சிறுமி பாடம் ஆகின்றாள். குடிசைக் கதையில் சிறுமி பிழைக்கின்றாள். உலகம் படைப்பவர் எந்த வாயிலின் வழியாகக் கதைக்குள் புகுகின்றார் என்பதைப் பொறுத்தே அவ்வுலகத்தின் நீதி அமைகின்றது.

ஜெவோதான் விலங்கு

இனிக் கதையன்று, வரலாறு. 1764ஆம் ஆண்டு முதல் 1767ஆம் ஆண்டு வரை தென் பிரான்சின் ஜெவோதான் மலைநாட்டில் ஒரு விலங்கோ பல விலங்குகளோ சுமார் 100 பேரைக் கொன்றன. மாண்டவரிற் பெரும்பாலோர் பெண்களும் சிறுவருமாவர். ஏன்? மாடு மேய்க்கும் வேலை அவர்களுடையது. அதனால் மலைவெளியில் தனித்திருந்தவரும் அவர்களே. அக்காலத்தில் வேட்டையாடும் உரிமை பிரபுக்களின் தனிச் சொத்தாயிருந்தது. 1789ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாளிரவு புரட்சிச் சபை ஒழித்த சலுகைகளுள் அதுவும் ஒன்று. ஆகவே மேய்ப்பவரிடம் இருந்தது கழியின் முனையிற் கத்தி கட்டிய ஈட்டியே.

மாந்தே நகரத்து ஆயர் என்ன செய்தார்? 1764ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திருமடல் வெளியிட்டு, இவ்விலங்கு மக்களின் பாவத்திற்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று கூறி, பிரார்த்தனைகளை ஏற்படுத்தினார். அரசன் பதினைந்தாம் லூயி என்ன செய்தான்? குதிரைப்படையை அனுப்பினான், பின்னர்த் தன் துப்பாக்கி ஏந்தும் அதிகாரி பிரான்சுவா அந்துவானை அனுப்பினான். அந்துவான் 1765 செப்டம்பரில் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டுக் கொன்றார். அதனைப் பதப்படுத்தி அரண்மனையில் வைத்துக் காட்டினர். அரண்மனையைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது. மலைநாட்டிலோ அவ்வாண்டு டிசம்பரிலேயே சாவுகள் மீண்டும் தொடங்கின. ஆனால் முடிந்துவிட்டது என்று அறிவித்த ஒன்றிற்கு அரசாங்கம் மீண்டும் உதவி அனுப்புமா? இறுதியில் 1767 ஜூன் 19ஆம் நாள், உள்ளூர்ப் பிரபு ஒருவர் நடத்திய வேட்டையில், அவ்வூர்க் குடியானவன் ஜான் ஷாஸ்டெல் சுட்ட விலங்கோடு சாவுகள் நின்றன.

இடையே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கன. 1765 ஜனவரி 12ஆம் நாள் ஜாக் போர்த்தபே என்னும் சிறுவனும் அவனோடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஓடிப்போகாமல் ஒன்றுகூடி நின்று, ஈட்டிகளால் குத்தி அவ்விலங்கை விரட்டினர். அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மரீ ழான் வாலே என்னும் இளம்பெண் தன் ஈட்டியை அதன் மார்பிற் பாய்ச்சினாள். அவளுக்கு ஓவேர் என்னும் சிற்றூரில் இன்று சிலை நிற்கின்றது.

இவ்வரலாற்றைக் கற்பனையாளர் எப்படி எடுத்தனர்? ஷாஸ்டெலின் குண்டு மந்திரித்த வெள்ளிக் குண்டு என்று பிற்காலத்தார் ஒட்டிய கதையை எடுத்தனர். 2001ஆம் ஆண்டில் கிறிஸ்தோப் கான்ஸ் இயக்கிய ‘ஓநாய்களின் ஒப்பந்தம்’ என்னும் படத்தில் பாரீசிலிருந்து வரும் ஒரு பிரபுவே மருமத்தைத் துலக்குகின்றான். சதியும் சண்டையும் நிறைந்த அப்படம் சுவையானதே. ஆனால் அரண்மனை ஆள் வந்து காப்பாற்றினான் என்பது வரலாற்றின் நேரெதிராகும். இதனை அடிப்படையாகக்கொண்டு ஆட்ட உலகம் படைப்பவர் ஒருவர் இருப்பின், நாம் அவருக்குக் கூறுவது ஒன்றே: விலங்கின் பல்லை அளப்பதற்கு முன், துப்பாக்கி வைத்திருக்க உரிமையுடையவர் யார், இல்லாதவர் யார் என்று ஒரு விதி எழுதிவைக்கட்டும். அந்த ஒரு விதியால் ஆட்டத்தின் அச்சம் நூறு பற்களால் வருவதைவிட மிகும். “விலங்கு செத்துவிட்டது, இனி உதவி இல்லை” என்று தலைநகரிலிருந்து ஓலை வரும் அத்தியாயம் ஒன்று இருக்கட்டும், ஆடுவோர் மறக்கமாட்டார்.

மந்திரம் மெய்யானால் நீதிபதி யார்?

இப்பொழுது நாம் முன்னே மனத்தில் இருத்தச் சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். மாய உலகம் படைப்போர் பெரும்பாலோர் கவனியாத ஓர் ஆபத்து இதில் உண்டு.

இன்று பிரான்சின் கிழக்குப் பகுதியில் இருக்கும் தோல் நகரத்தில், 1574ஆம் ஆண்டு ஜனவரியில், கில் கார்னியே என்பவன் ஓநாயாக மாறிப் பிள்ளைகளைத் தின்றான் என்று தீர்ப்பளித்து உயிரோடு கொளுத்தினர். 1603ஆம் ஆண்டில் தன்னை ஓநாய் மனிதன் என்று தானே கூறிக்கொண்ட ஜான் கிரெனியே என்னும் சிறுவன் போர்தோ உயர்மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டான். அங்கே நீதிபதிகள் அவன் அறிவு குன்றியவன் என்று கண்டு, கொல்லாமல் ஒரு மடத்தில் வைக்குமாறு தீர்ப்பளித்தனர். 30 ஆண்டுக்குள் மனித அறிவு எத்தனை தூரம் நடந்தது பாருங்கள்! ஆனால் நடை நேர்நடையன்று. 1634ஆம் ஆண்டில் லூதுன் நகரத்தில் உர்பேன் கிராந்தியே என்னும் பாதிரியாரைச் சூனியக்காரர் என்று எரித்தனர். 1682ஆம் ஆண்டில் அரசன் பிறப்பித்த ஆணையில்தான் சட்டம் சூனியத்தைப் பொய்வேடம் என்று பேசத் தலைப்பட்டது.

இவற்றினும் முந்தியது ஜோன் ஆஃப் ஆர்க்கின் வழக்கு. அவள் பிறந்த தோம்ரேமி ஊரருகே தேவதைகளின் மரம் என்று ஒன்று இருந்தது. ஊர்ப் பெண்கள் அதிற் பூமாலை தொங்கவிட்டு ஆடிப்பாடுவர். 1431ஆம் ஆண்டில் ரூவான் நகரத்து விசாரணையில் அந்த மரத்தைப் பற்றி அவளைத் துருவித் துருவிக் கேட்டனர். அங்கே தேவதைகளைத் தான் கண்டதில்லை என்றே அவள் விடையளித்தாள். சிறுமிகளின் விளையாட்டையும் குற்றச்சாட்டாக மாற்ற முயன்றனர் அந்நீதிபதிகள். அவ்வாண்டு மே 30ஆம் நாள் அவளை எரித்தனர். 1456ஆம் ஆண்டில் அத்தீர்ப்புச் செல்லாது என்று மறுவிசாரணை அறிவித்தது.

இங்கேதான் நாம் சொல்ல வந்தது இருக்கின்றது. ஓர் ஆட்ட உலகில் ஓநாய் மனிதர் மெய்யாகவே உண்டு, சூனியக்காரிகள் மெய்யாகவே பிள்ளைகளைக் கொல்லுகின்றனர் என்று விதி வகுத்துவிட்டால், அவ்வுலகில் கார்னியேயை எரித்த நீதிபதி சரியானவனாகிவிடுகின்றான்! தோம்ரேமி மரத்தடியில் பேய் இருந்ததென்றால் ரூவான் மன்றம் நியாயமன்றமாகிவிடுகின்றது. கற்பனை செய்தவர் எவரும் இதனை விரும்பியிரார். ஆனால் கற்பனைக்கும் தருக்கம் உண்டு; வகுத்த விதி தானே நடந்து ஒரு முடிவிற் போய் நிற்கும்.

இதற்குப் பரிகாரம் பூதங்களை நாடுகடத்துவதன்று. ஐயத்தை உயிரோடு வைத்திருப்பதே பரிகாரம். காட்டில் ஓநாய் மனிதன் ஒருவன் இருக்கலாம். ஆனால் ஊரார் பிடித்துவந்து கட்டிவைத்தவன் அவன் அல்லாமலிருக்கலாம். சூனியம் இருக்கலாம், ஆனால் சூனியக்காரி என்று தூற்றப்படுபவள் நிலம் வைத்திருந்த கைம்பெண்ணாக இருக்கலாம். ஆடுவோர் வாளை உருவுமுன் சான்றைத் தேடவேண்டுமென்று அமைத்தால், அவ்வாட்டம் பகுத்தறிவுக்குப் பகையாவதற்கு மாறாகப் பயிற்சிக்களமாகும்.

நன்கு செய்தவர்

குற்றமே கூறிக் கலைவது திறனாய்வாகாது. நன்கு செய்தவரையும் கூறுவோம். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் என்னும் அமெரிக்கர் கலிபோர்னியாவின் ஆபர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். பிரஞ்சு மொழியைத் தாமே கற்றவர். 1930ஆம் ஆண்டு முதல் ‘வியர்ட் டேல்ஸ்’ என்னும் பத்திரிகையில், ஓவெர்ன் மாகாணத்தை நினைவூட்டும் அவெருவாஞ் என்றொரு கற்பனை மாகாணத்தைப் பற்றிப் பல சிறுகதைகள் எழுதினார். 1981ஆம் ஆண்டில் டாம் மோல்ட்வே அம்மாகாணத்தை ‘காஸில் ஆம்பர்’ என்னும் ஆட்டநூலிற் புகுத்தினார். அவெருவாஞ்சின் சிறப்பு அதன் சிறுமையே. ஒரு காடு, ஒரு பேராலய நகரம், ஒரு மடம், ஓர் ஆறு. அதற்குள் எல்லாம் நடக்கின்றன. ஆகவே வாசகன் அவ்விடத்தை அறிந்துகொள்கின்றான். கண்டம் கண்டமாக வரைந்து எதையும் அறியவிடாமற் செய்யும் இக்கால உலகப் படைப்பாளர் இதனைக் கற்கலாம். ஆனால் ஸ்மித்தின் காட்டில் பேய்க்கும் மந்திரவாதிக்கும் முகமுண்டு. மாடு மேய்ப்பவருக்கு முகம் குறைவு. அது அவர் கலையின் எல்லை.

பிரஞ்சுக்காரர் தாமே செய்தவற்றுள் போர்தோ நகரத்து அசோபோ நிறுவனத்தார் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எ பிளேக் டேல்’ என்னும் கணினி ஆட்டம் குறிப்பிடத்தக்கது. காலம் 1348, கொள்ளைநோயும் போரும் நாட்டை அழிக்கின்றன, அக்காளும் தம்பியும் சமய விசாரணைப் படையினருக்கும் எலிக்கூட்டத்திற்கும் தப்பி ஓடுகின்றனர். அக்காளின் கையில் இருப்பது கவண். ஈட்டி பிடித்த மேய்ப்பர் பிள்ளைகளின் தங்கையென்றே அவளைக் கூறலாம். ஆயினும் அவள் பிரபுக் குடும்பத்துப் பெண்ணாகப் படைக்கப்பட்டது நமக்குச் சிறிது குறையே. 2025ஆம் ஆண்டில் மோன்பெலியே நகரத்து சாண்ட்பால் நிறுவனத்தார் ‘கிளேர் ஒப்ஸ்கூர்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் ஆண்டுதோறும் ஓர் எண் வரையப்படுகின்றது; அவ்வயதினர் யாவரும் மறைந்துபோகின்றனர்; எண் ஆண்டுக்காண்டு குறைகின்றது. இது பழங்கதையன்று. ஆயினும் பிரெத்தாஞ் மக்களின் அங்கூ என்னும் சாவின் தூதனை அது நமக்கு நினைவூட்டுகின்றது.

அந்த அங்கூ யார்? அனத்தோல் லெ பிராஸ் 1893ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட பிரெத்தாஞ் மரணக் கதைகளில் அவன் வருகின்றான். அச்சு கிறீச்சிடும் வண்டியில் அரிவாளோடு வருபவன். ஒவ்வொரு பங்கிலும் ஆண்டின் கடைசியில் இறந்தவரே அடுத்த ஆண்டின் அங்கூ ஆகின்றார் என்பது அவர்கள் வழக்கு. ஆகவே சாவு அயலிலிருந்து வரும் அரக்கனன்று. சென்ற ஆண்டு பக்கத்து வயலில் உழுதவர். ஏழையென்றும் செல்வனென்றும் அவர் பாரார். இத்தகைய ஒரு கருத்தை எடுத்து உலகம் படைத்தால், கோரப்பல் வரையாமலே ஆடுவோரை நடுங்கச் செய்யலாம்.

பெண்ணெழுத்தாளரான ஜார்ஜ் ஸாண்டையும் மறத்தலாகாது. 1858ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நாட்டுப்புறக் கதை நூலில், பெரி மாகாணத்து இராக்கால வண்ணாத்திகள் வருகின்றனர். தம் குழந்தைகளைக் கொன்ற தாய்மார் சாவுக்குப் பின் நள்ளிரவில் குளக்கரையில் துவைத்துக்கொண்டேயிருப்பர் என்பது கதை. அந்தத் துவைக்கும் ஓசை ஒருவகைத் தவளையின் குரலே என்று அவ்வம்மை ஆராய்ந்து கூறுகின்றார். கூறிவிட்டு, கண்டுபிடித்துவிட்டோமே என்று சற்று வருந்தவும் செய்கின்றார். உண்மையும் கதையும் ஒரே பக்கத்தில் பகையின்றி அமர்ந்திருக்கும் அழகு அது. குழந்தையைக் கொல்லும் நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று கேட்பதற்கு மட்டும் தவளை தடையன்று. அக்கேள்வி அப்படியே நிற்கின்றது. நல்ல ஆட்ட உலகம் அக்கேள்வியின் மேல் கட்டப்படல் வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன பெரியன அல்ல. இடத்தைச் சிறிதாக எடுத்து, அங்கே மக்கள் என்ன வேலை செய்து உண்டனர் என்று முதலில் வகுக்க. கதையை மண்டபத்திலிருந்து மட்டும் எடாமல் குடிசையிலிருந்தும் எடுக்க. பூதத்தின் பெயரை எடுத்தால் அதனோடு வந்த ஊரையும் எடுக்க. நீதிபதியும் ஆயரும் அரசனும் தவறக்கூடிய உலகமாக அதனைச் செய்க. இவையாவும் பிரஞ்சு கதைகளுக்குள்ளேயே இருக்கின்றன. புதிதாகச் சேர்க்கவேண்டியது ஒன்றுமில்லை.

நாளை நம் இளைஞருள் ஒருவர் இத்தகைய ஓர் உலகைப் படைக்க அமரலாம், அமர்தல் வேண்டும். அவர் மேஜைமேல் படத்தை விரித்து, காட்டையும் மலையையும் வரைந்து, விலங்கை எங்கோ ஒரு புதரில் ஒளித்துவைப்பார். அதற்கப்பால் ஒரு வேலை மீதியிருக்கின்றது. ஓவேர் சிற்றூரிற் சிலையாக நிற்கின்றாளே, அந்த இளம்பெண், அவள் கையிலிருந்த ஈட்டியை யார் கையிற் கொடுக்கின்றோம் என்று ஆட்டம் தொடங்குமுன் அவர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.